கடுக்காய் கொடுத்த வட்டம்

"வெள்ளிக்கிழமை வாங்க, கண்டிப்பா தந்துடறேன்" என்று கடன்காரரிடம் சொல்லி அனுப்பிவிட்டு, வெள்ளிக்கிழமை வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் கிளம்பிவிடுகிறவரை "கடுக்காய் கொடுத்துட்டான்" என்பார்கள். வயிற்றுக்கும் வாய்க்கும் நல்லது செய்கிற காய்க்கு இப்படியொரு கெட்ட பெயர். நுண்ணுயிரியல், தாவரவியல் முதுகலை ஆய்வேடுகளைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு இந்த வழக்குச்சொல் நினைவுக்கு வரும். அந்த ஏடுகள் பலவற்றில் கதாநாயகன் கடுக்காய்தான் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் பின்னால் வரும்.

ஆய்வேடுகளின் போக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். ஏதோ ஒரு பழம் அல்லது காய்: கடுக்காய், நெல்லி, தான்றி, வில்வம், நாவல், மாதுளை ஓடு. நிழலில் உலர்த்தி, இடித்துச் சலித்து, மெத்தனாலிலோ தண்ணீரிலோ சாறு இறக்கி, வற்றவைத்துப் பிசின் போலாக்குவார்கள். அகார் என்ற கிருமி வளர்ப்புக் கூழ் ஊற்றிய தட்டில் கிருமியைப் பூசி, அதன் மேல் அந்தச் சாறு ஏறிய காகித வில்லையை வைத்து, 37 டிகிரியில் ஓர் இரவு விட்டுவிடுவார்கள். காலையில் தட்டு முழுக்கக் கிருமி படர்ந்திருக்க, வில்லையைச் சுற்றி மட்டும் தெளிந்த வட்டம் ஒன்று தெரியும். அளவுகோல் வைத்துப் பார்த்தால் 18 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கடைசிப் பக்கத்தில், இந்தப் பழம் எதிர்காலத்தில் சிறந்த நுண்ணுயிர்க்கொல்லி மருந்தாகக்கூடும் என்று ஒரு வரி இருக்கும்.

வட்டம் பொய்யில்லை. யார் செய்தாலும் கடுக்காய்க்கு வட்டம் விழும். ஆனால் அந்த வட்டத்திலிருந்து மருந்துக் கடைக்குப் போகும் பாதையில் இத்தனை பழங்களும் எங்கே தொலைந்தன என்பதுதான் கேள்வி. தேவை இல்லாமல் போய்விடவில்லை. மருந்துக்கு மசியாத பாக்டீரியாக்களால் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 12.7 லட்சம் பேர் நேரடியாக இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனாலும் இன்று மருத்துவமனைகளில் நரம்பில் ஏற்றும் பாக்டீரியா எதிர்ப்பு மருந்துகள் மண்ணில் வாழும் நுண்ணுயிர்களிடமிருந்து வந்தவை, அல்லது வேதியியலர் கையால் பிறந்தவை. மரத்தில் காய்த்தது அந்தப் பட்டியலில் இல்லை.

முதலில், பழத்துக்கு ஏன் கிருமியைக் கொல்லும் வேலை? விதை முற்றும் வரை காயைப் பூச்சியும் பூஞ்சையும் பறவையும் அண்டாமல் காக்க வேண்டியது மரத்தின் தேவை. முற்றிய பிறகு யாராவது தின்று விதையைக் கொண்டுபோய்ப் போட வேண்டும் என்பதும் அதே மரத்தின் தேவை. அதனால்தான் பிஞ்சும் காயும் துவர்க்கின்றன, பழம் இனிக்கிறது. வாழைக்காயை நறுக்கிய கத்தியில் ஏறும் கருங்கறை அந்தக் காவலின் தடயம். துவர்ப்பின் பெரும்பகுதிக்குக் காரணம் டானின் எனப்படும் சேர்மங்கள். அவை புரதத்தைக் கண்டால் விடாது. பல கைகளால் பற்றி, இறுக்கி, ஒன்றோடொன்று கோத்துவிடும். கடுக்காயைக் கடித்ததும் நாக்கு வறண்டு இழுப்பது போலிருப்பதற்கு, உமிழ்நீரின் வழுவழுப்புக்குக் காரணமான புரதங்களை டானின் திரட்டிவிடுவதே காரணம்.

கடுக்காய்த் தோலில் எடைக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு டானின். ஆகவேதான் அதன் பழைய வாழ்க்கை வைத்தியரோடு நிற்கவில்லை. தோல் பதனிடும் தொட்டிக்கு அது மூட்டை மூட்டையாகப் போனது; பச்சைத் தோலின் புரத இழைகளை டானின் கோத்துக் கட்டிவிட்டால் தோல் அழுகாது, கிருமிக்கும் இரையாகாது. கலம்காரித் துணிக்குச் சாயம் பிடிக்க வைக்கக் கடுக்காயும் பாலும் கலந்து தோய்த்தார்கள். செட்டிநாட்டு வீட்டின் சுண்ணாம்புச் சாந்துக்குக் கடுக்காய் ஊறிய நீர் ஊற்றினார்கள். இந்த வேலைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று பிடிபடும். கடுக்காய் எப்போதும் ஒரு பரப்பின் மேல்தான் வேலை செய்திருக்கிறது. தோல், துணி, சுவர். வைத்தியத்திலும் பெரும்பாலும் அப்படித்தான்: பல்பொடி, வாய் கொப்பளிக்கும் நீர், புண் கழுவும் திரிபலாக் கஷாயம், குடலைச் சுத்தம் செய்யும் சூரணம். குடல் உடலுக்குள் இருக்கிறது என்று நாம் நினைத்தாலும், அதுவும் ஒரு பரப்புதான். வாயிலிருந்து ஆசனவாய் வரை போகும் குழாயின் உட்சுவர். இரத்தத்தில் கலந்து நுரையீரலுக்கோ மூளைக்கோ போய்க் கிருமியைத் துரத்தும் வேலையை அதற்கு யாரும் கொடுத்ததில்லை.

இதைத்தான் வட்டம் மறைக்கிறது. நான் முதலில் சொன்ன இன்னொரு காரணம் இதுதான்: வட்டமும் கடுக்காய் கொடுக்கிறது.

காகித வில்லைச் சோதனைக்கு ஒரு வரலாறு உண்டு. 1966இல் அமெரிக்காவின் சியாட்டிலில் பாவர், கர்பி, ஷெரிஸ், டர்க் என்ற நால்வர் அதை ஒழுங்குபடுத்தினார்கள். அவர்கள் கையில் இருந்தவை தூய ஆன்டிபயாடிக்குகள். ஒவ்வொன்றும் வில்லையில் எத்தனை மைக்ரோகிராம், அகாரில் எவ்வளவு வேகமாகப் பரவும், எத்தனை மில்லிமீட்டர் வட்டம் விழுந்தால் நோயாளிக்குக் குணமாகும் என்றெல்லாம் ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியே அட்டவணை போட்டார்கள். அந்த அட்டவணை இல்லாமல் வட்டத்துக்கு அர்த்தம் இல்லை. பழச்சாறுக்கு அப்படி ஓர் அட்டவணை கிடையாது. சிறிய மூலக்கூறு அகாரில் ஓடிப் பரவும்; டானின் போன்ற பருத்த மூலக்கூறு வில்லையிலேயே தயங்கி நிற்கும். எண்ணெய்ப் பசையுள்ள பொருளுக்கு ஈரமான அகாரில் நகரவே முடியாது. ஆகவே பெரிய வட்டம் வீரியத்தைக் காட்டலாம், வெறும் ஓட்டத்தையும் காட்டலாம். கடுக்காயின் வட்டத்தை மாதுளை ஓட்டின் வட்டத்தோடு ஒப்பிட்டு எது சிறந்தது என்று தீர்ப்பு எழுதுவது, மாட்டுவண்டியும் படகும் ஓடிய தூரத்தை வைத்து எந்தக் காளை பலசாலி என்று சொல்வதைப் போன்றது.

அடுத்தது அளவு. ஒப்பீட்டுக்கு வைக்கும் ஆன்டிபயாடிக் வில்லையில் பெரும்பாலும் 5, 10 அல்லது 30 மைக்ரோகிராம் மருந்துதான் இருக்கும். பக்கத்தில் இருக்கும் பழச்சாறு வில்லையிலோ பல மில்லிகிராம் ஏற்றியிருப்பார்கள். அதாவது நூற்றுக்கணக்கான மடங்கு. இரண்டு வட்டங்களும் ஒரே அளவு என்று மகிழும்போது இந்த மடங்கு கணக்கில் வருவதில்லை.

வட்டத்தை விட்டுவிட்டுக் கிருமியின் வளர்ச்சியை நிறுத்தத் தேவையான மிகக் குறைந்த செறிவைப் பார்ப்பதுதான் நேர்மையான வழி. ஸ்பெயினின் வலென்சியாவைச் சேர்ந்த ரியோஸ், ரேசியோ இருவரும் 2005இல் ஒரு கோடு போட்டார்கள்: மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் தேவைப்படும் சாறை நுண்ணுயிர் எதிர்ப்பி என்று சொல்லிக்கொள்ள வேண்டாம். மறு ஆண்டு பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் குழு இன்னும் கடுமையாகச் சொன்னது: 100 மைக்ரோகிராமுக்குக் கீழே வேலை செய்தால் பேசலாம். நம் ஆய்வேடுகளில் எத்தனை இந்த இரண்டாவது வாசலைத் தாண்டும் என்று பார்த்தால் முகம் சுருங்கும்.

1 மில்லிகிராம் என்பது சின்ன அளவாகத்தான் காதில் விழுகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மனித உடலில் இரத்தம் சுமார் 5 லிட்டர். அதில் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் நிற்க வேண்டுமானால் 5 கிராம் சாறு முழுவதும் ஒரே நேரத்தில் இரத்தத்தில் இருக்க வேண்டும். உடலின் மொத்த நீரிலும் பரவுவதாக வைத்தால் 40 கிராம். தின்றது அப்படியே இரத்தத்தில் ஏறுவதில்லை என்பதால் உண்மையில் அதைப் போலப் பல மடங்கு விழுங்க வேண்டியிருக்கும். மறுபக்கம், ஆய்வகங்கள் தரக்கட்டுப்பாட்டுக்காக வைத்திருக்கும் ஈ.கோலை வகையை அடக்க, சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மில்லிலிட்டருக்கு 0.016 மைக்ரோகிராமே போதும். 1 மில்லிகிராமோடு வைத்துப் பார்த்தால் 60,000 மடங்குக்கு மேல் வித்தியாசம். சாறில் வேலை செய்யும் சேர்மம் நூற்றில் ஒரு பங்குதான் என்று சலுகை கொடுத்தாலும் 600 மடங்கு மிச்சமிருக்கிறது.

இரத்தத்தில் ஏறிய பிறகும் டானினுக்கு நிம்மதி இல்லை. புரதத்தைப் பற்றுவது அதன் இயல்பு என்றால், இரத்தமே புரதக் கடல். கிருமியிடம் போய்ச் சேரும் முன்பே அதன் கைகளெல்லாம் நிறைந்துவிடும். பெரும்பாலான டானின் அதுவரைகூடப் போவதில்லை. கடுக்காய், மாதுளை, நெல்லி ஆகியவற்றின் டானின்களைப் பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள் உடைத்து யூரோலித்தின் என்ற சிறு சேர்மங்களாக மாற்றுகின்றன. இரத்தத்துக்குள் போவது பெரும்பாலும் அவைதான். தட்டில் வைத்துச் சோதித்த பொருள் ஒன்று, உடலுக்குள் போன பொருள் வேறொன்று. கொல்லப்பட வேண்டியவர்களின் சாதிசனமே மருந்தை அரைத்துத் தின்றுவிடுகிறது என்றும் சொல்லலாம்.

தட்டிலேயே நடக்கும் சின்னச் சின்ன ஏமாற்றுகளும் உண்டு. பழச்சாறு பெரும்பாலும் அமிலம். பல கிருமிகளுக்குப் புளிப்பு ஆகாது. சாறின் புளிப்பைச் சமன்செய்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தால் வட்டம் காணாமல் போகலாம். அப்போது கொன்றது அந்தப் பழத்தின் அரிய சேர்மம் அல்ல, ஊறுகாய்ப் பானையில் இருக்கும் அதே புளிப்புதான். டானின் உள்ளிட்ட பாலிஃபீனால் வகைகள் வளர்ப்பு ஊடகத்தில் காற்றின் ஆக்சிஜனோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். மருந்துக் கடையில் புண் கழுவ விற்கும் அதே பெராக்சைடு. சாறைக் கரைக்கப் பயன்படுத்தும் டி.எம்.எஸ்.ஓ. போன்ற கரைப்பானும் அளவு கூடினால் கிருமியைத் துன்புறுத்தும். கரைப்பானை மட்டும் தனியே ஒரு வில்லையில் ஏற்றி வைத்தார்களா என்று ஆய்வேட்டில் தேடிப்பார்ப்பது என் கெட்ட பழக்கம்.

இன்னொன்றையும் தேடுவேன். எந்தக் கடுக்காய்? நாட்டு மருந்துக் கடையில் போய்க் கடுக்காய் கேட்டால், "கொட்டையோடவா, தோலா? பிஞ்சா? எதுக்கு?" என்று மூன்று கேள்வி வரும். சித்த மருத்துவம் கடுக்காயின் உள்ளிருக்கும் வித்தை நஞ்சாக எண்ணி நீக்கச் சொல்கிறது. இஞ்சிக்கு மேல்தோலைச் சீவச் சொல்வதன் மறுபுறம் அது. பிஞ்சுக் கடுக்காய், செங்கடுக்காய், வரிக்கடுக்காய் என்று முதிர்ச்சியும் நிறமும் பார்த்துப் பிரிக்கிறது. ஆய்வேட்டிலோ 'பழம்' என்று ஒரே சொல். எந்த மாதம் பறித்தது, எந்தப் பகுதியை இடித்தது, மாதிரியை உலர்தாவரக் காப்பகத்தில் பதிந்து வைத்தார்களா என்பது இல்லையென்றால், அடுத்தவர் அதைச் செய்து சரிபார்க்க வழியில்லை. கடைக்காரர் கேட்கும் கேள்விகளை மதிப்பீட்டாளர்களும் கேட்டிருந்தால் பாதிக் கட்டுரைகள் திரும்பிப் போயிருக்கும்.

எதிரியின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 1884இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் சாயம் ஏற்றிப் பாக்டீரியாக்களை இரண்டாகப் பிரித்தார். புண்ணில் சீழ் பிடிக்கவைக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் போன்றவை ஒரு பக்கம், ஈ.கோலை, கிளெப்சியல்லா, சூடோமோனாஸ் மறுபக்கம். பின்னவற்றுக்குச் சுவருக்கு வெளியே இன்னொரு சவ்வு உண்டு, இரட்டை மதில் போல. அதைத் தாண்டி உள்ளே போனாலும், நுழைந்ததை வெளியே இறைத்துத் தள்ளும் பம்புகள் உண்டு. தாவரச் சாறுகள் பெரும்பாலும் முதல் கூட்டத்திடம் ஜெயித்து இரண்டாவது கூட்டத்திடம் தோற்பதற்கு இதுவே காரணம். இன்று தீவிர சிகிச்சைப் பிரிவுகளைக் கலங்கடிப்பதில் முன்னால் நிற்பதும் இரண்டாவது கூட்டம்தான்.

2000இல் ஃபிராங்க் ஸ்டெர்மிட்ஸ், கிம் லூயிஸ் ஆகியோர் ஒரு முட்செடியில் சுவாரசியமான ஏற்பாட்டைக் கண்டார்கள். பெர்பெரிஸ் என்ற அந்தச் செடி, பெர்பெரின் என்ற கிருமிக்கொல்லியை உண்டாக்குகிறது. பாக்டீரியா அதைப் பம்பால் வெளியேற்றிவிடும். ஆனால் அதே செடி அந்தப் பம்பை அடைக்கும் இன்னொரு சேர்மத்தையும் வைத்திருக்கிறது. அது தனியாக எந்தக் கிருமியையும் கொல்லாது. இரண்டும் சேர்ந்தால்தான் வேலை. அப்படியானால் தாவரங்களிடம் பென்சிலினைத் தேடுவதே தவறான தேடலோ? ஒற்றை அடியில் வீழ்த்தும் ஆயுதம் மரத்திடம் இல்லை. பலவீனமான பல ஆயுதங்களும் அவற்றுக்கு வழிவிடும் சில உதவியாளர்களும் இருக்கின்றன என்று தோன்றுகிறது.

உதவியாளர் என்றதும் மிளகைச் சொல்லாமல் இருக்க முடியாது. மிளகும் திப்பிலியும் பழங்களே. உலர்ந்து சுருங்கியதால் நமக்கு அது மறந்துவிடுகிறது. அவற்றின் பைப்பெரின் ஸ்டஃபைலோகாக்கஸின் பம்பைத் தடுத்துச் சிப்ரோஃப்ளாக்சசினுக்குக் கைகொடுப்பதை ஜம்முவின் மண்டல ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவர்கள் 2006இல் காட்டினார்கள். அதே ஜம்முவில், மருந்து குடலில் உறிஞ்சப்படுவதைப் பைப்பெரின் கூட்டுகிறது என்ற பழைய ஆராய்ச்சி வேறொரு பலனைத் தந்தது. காசநோய்க்கான ரிஃபாம்பிசினின் வழக்கமான அளவு 450 மில்லிகிராம். அதை 200ஆகக் குறைத்து, 10 மில்லிகிராம் பைப்பெரின் சேர்த்த ரிசோரின் என்ற மருந்துக்கு 2009இல் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றையும் திரிகடுகாக்கி மற்ற மருந்துகளோடு சேர்க்கும் வைத்திய வழக்கத்துக்கு இது தூரத்து உறவு. மிளகு இங்கே கிருமியைக் கொல்லவில்லை. அகார் தட்டில் மட்டும் வைத்துச் சோதித்திருந்தால் அதைத் தோற்ற பழங்களின் பட்டியலில் போட்டிருப்பார்கள்.

கொல்லாமலே வெல்லும் இன்னொரு பழம் வட அமெரிக்காவின் கிரான்பெரி. சிறுநீர்த் தொற்றுக்கு அதன் சாறைக் குடிப்பது அங்கே பாட்டி வைத்தியம். சிறுநீரை அமிலமாக்குவதால் கிருமி சாகிறது என்று 1920களில் நம்பினார்கள். பிறகு பார்த்தால், அவ்வளவு அமிலமாக்கப் போதுமான சாறை யாரும் குடிப்பதில்லை. 1984இல் சோபோட்டா என்பவர் வேறு விளக்கம் தந்தார்: ஈ.கோலை சிறுநீர்ப் பாதையின் சுவரில் ஒட்டிக்கொள்வதைச் சாறு தடுக்கிறது. ஒட்ட முடியாத கிருமி சிறுநீரோடு அடித்துக்கொண்டு போய்விடும். கிரான்பெரியில் இருக்கும் ஒரு தனி வகை டானினே இதற்குக் காரணம் என்று பின்னர் சொன்னார்கள். மறுபடியும் டானின், மறுபடியும் ஒரு பரப்பு.

இந்தப் பழத்தின் கதையை நான் விரும்புவதற்குக் காரணம், அதை மனிதர்களிடம் சோதித்துப் பார்த்தார்கள் என்பதுதான். அதுவும் ஒருமுறை அல்ல. 2012இல் காக்ரேன் அமைப்பு 24 ஆய்வுகளை, 4,473 பேரின் கணக்கை ஒன்றாக வைத்துப் பார்த்துக் குறிப்பிடத்தக்க பலன் இல்லை என்றது. ஆய்வுகள் தொடர்ந்தன. 2023இல் 50 ஆய்வுகள், 8,857 பேர். தீர்ப்பு மாறியது: திரும்பத் திரும்பத் தொற்று வரும் பெண்களுக்கு ஆபத்து கால் பங்குக்கு மேல் குறைகிறது, குழந்தைகளுக்குப் பாதிக்கு மேல். முதியோர் இல்லங்களில் இருப்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சிறுநீர்ப்பை சரியாகக் காலியாகாதவர்களுக்கும் பலன் தெரியவில்லை. வந்த தொற்றைக் குணமாக்கும் என்று அந்த அறிக்கை சொல்லவில்லை; திரும்ப வராமல் தடுப்பதைப் பற்றி மட்டுமே பேசுகிறது. இப்படி யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று பிரித்துச் சொல்லும் அளவுக்குக் கடுக்காயையோ மாதுளை ஓட்டையோ யாரும் பின்தொடர்ந்ததில்லை.

கடுக்காய்க்கும் ஆய்வு இல்லாமல் இல்லை. வாயைப் பொறுத்தவரை கொஞ்சம் இருக்கிறது. 1999இல் வெளியான ஓர் ஆய்வில், கடுக்காயின் 10 சதவீத நீர்க்கரைசலால் வாய் கொப்பளித்தவர்களின் உமிழ்நீரில் பல்சொத்தைக்குக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள் மூன்று மணி நேரம் வரை குறைந்திருந்தன; அவை பல்லில் ஒட்டுவதையும் அது தடுத்தது. 2011இல் 8 முதல் 12 வயது வரையான 1,431 பள்ளிப் பிள்ளைகளிடம், கடுக்காய் சேர்ந்த திரிபலா நீரையும் குளோர்ஹெக்சிடின் கரைசலையும் ஒப்பிட்டார்கள். பற்படலத்திலும் ஈறு அழற்சியிலும் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. நான் பார்த்தவரையில் பழச்சாறு பற்றிய இந்திய ஆய்வுகளில் நெஞ்சுக்கு நெருக்கமானது இதுதான், காரணம் எளிது: சாறைப் போட வேண்டிய இடத்தில் போட்டு, ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள மருந்தோடு நேருக்கு நேர் நிறுத்தினார்கள். வாயில் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் என்பது ஒரு பொருட்டே இல்லை. 10 சதவீதக் கரைசலில் அது 100 மில்லிகிராம். மேலே போட்ட இரத்தக் கணக்கு இங்கே செல்லாது.

எலுமிச்சையும் இந்தக் கட்சிதான். 1990களில் மேற்கு ஆப்பிரிக்காவின் கினி-பிசாவ் நாட்டில் காலரா பரவியபோது, சோற்றுக்கு ஊற்றும் குழம்பில் எலுமிச்சைச் சாறு பிழிந்து சாப்பிட்டவர்களுக்கு நோய் குறைவாக வந்ததை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். காலராக் கிருமி புளிப்பில் நிற்காது. சாறு வேலை செய்தது உடலுக்குள்கூட அல்ல, குழம்புச் சட்டியில். தட்டுச் சோதனையில் ஏமாற்றாக இருந்த அதே புளிப்பு, சட்டியில் காவலாகிவிடுகிறது. பயணத்துக்குப் புளிச்சோறு கட்டிக்கொடுத்தவர்களுக்கு இது செய்தியில்லை.

இனி, முழுக்க முழுக்கக் கடுக்காய் கொடுத்த ஒரு வழக்கு. பம்ப்ளிமாஸின் உறவான கிரேப்ஃப்ரூட் பழத்தின் விதைச் சாறு இயற்கையான சர்வரோகக் கிருமிநாசினி என்று மேலை நாடுகளில் அமோகமாக விற்றது. எந்தத் தட்டில் வைத்தாலும் பிரமாதமான வட்டம். 1999இல் ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் ஆய்வாளர்கள் கடையில் கிடைத்த ஆறு புட்டிகளை வாங்கிச் சோதித்தார்கள். ஐந்து கிருமியைக் கொன்றன. அந்த ஐந்திலும் பென்செத்தோனியம் குளோரைடு என்ற செயற்கைக் கிருமிநாசினி இருந்தது. மூன்றில் அதோடு ட்ரைக்ளோசானும் மெத்தில் பாராபெனும் இருந்தன. கலப்பில்லாத ஆறாவது புட்டி எதையும் கொல்லவில்லை. பழத்தை வாங்கி அவர்களே தங்கள் கையால் இறக்கிய சாறும் கொல்லவில்லை. அமெரிக்க வேளாண் துறையின் வேதியியலர்களும் 2001இல் அதே பொருளைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அந்தச் சாறை வைத்து அதுவரை எழுதப்பட்ட கட்டுரைகளெல்லாம் ஆலையில் செய்த பென்செத்தோனியத்தின் புகழைத்தான் பாடியிருக்கின்றன.

பழத்தை முதற்படியாக மட்டும் எடுத்துக்கொள்ளும் வழியும் இருக்கிறது. பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூ, பெயரில் பூவானாலும் ஒரு பழம். அதிலிருந்து எடுக்கும் ஷிக்கிமிக் அமிலமே ஓசெல்டாமிவிர் என்ற ஃபுளூ மாத்திரைக்கு மூலப்பொருளானது. 2005இல் பறவைக் காய்ச்சல் பயம் வந்தபோது சீனாவில் அன்னாசிப்பூவுக்குப் பெரும் கிராக்கி. அந்த அமிலம் தனியாக ஃபுளூவை ஒன்றும் செய்யாது. பல வேதிப் படிகள் ஏறித்தான் மருந்தாகிறது. ஃபுளூவுக்குப் பிரியாணி சாப்பிடலாம் என்று கிளம்பியவர்களை அது கைவிட்டிருக்கும்.

இன்னும் நம்பிக்கையூட்டுவது மங்குஸ்தான். கல்லாறு, பர்லியாறு பழப்பண்ணைகளிலும் குற்றாலத்துக் கடைகளிலும் கிடைக்கும் அந்தப் பழத்தில் வெள்ளைச் சுளையைத் தின்றுவிட்டு நாம் தூக்கி எறியும் தடித்த ஊதா ஓட்டில் ஆல்ஃபா மாங்கோஸ்டின் என்ற சேர்மம் இருக்கிறது. மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸை மில்லிலிட்டருக்குச் சில மைக்ரோகிராம் அளவிலேயே அது அடக்குகிறது. முன்னே சொன்ன இரண்டு கோடுகளையும் அநாயாசமாகத் தாண்டும் வீரியம். பாக்டீரியாவின் சவ்வைக் கிழித்துக் கொல்வதால் வேகமும் அதிகம். ஆனால் சவ்வு நமக்கும் உண்டு. சிவப்பணுக்களையும் அது கிழிக்கிறது. சிங்கப்பூர் கண் ஆராய்ச்சி நிலையத்தவர்கள் 2013 வாக்கில் அந்த மூலக்கூறின் கட்டமைப்பை மாற்றி, நம் செல்களை விட்டுவிட்டுப் பாக்டீரியாவை மட்டும் குறிவைக்கும் வடிவங்களைச் செய்யத் தொடங்கினார்கள். கண்ணில் விடும் சொட்டு என்றால் அதுவும் பரப்பு வேலைதான். பழச்சாறை அப்படியே மருந்தென்று நம்புவதற்கும் பழத்தைப் பொருட்டாக மதிக்காமல் விடுவதற்கும் இடையே நடக்கக்கூடிய வேலை இதுபோல இருக்கும்.

உடலுக்குள் ஊசியால் செலுத்தி, பல்லாயிரம் பேருக்குப் பல பத்தாண்டுகள் கொடுக்கப்பட்ட ஒரு பழ மருந்தும் உண்டு. நம் ஊரோடு தொடர்புடையதுதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆற்றோரம் வளரும் நீரடிமுத்து மரத்தின் காய் உருண்டையானது, ஓடு கட்டையைப் போல் கெட்டி. கேரளத்தில் மரோட்டி என்பார்கள். அதன் ஓட்டிலேயே எண்ணெய் ஊற்றி விளக்கேற்றுவதும் உண்டு. அந்தக் காயின் விதை எண்ணெயும், பர்மாவில் வளரும் அதன் உறவு மரத்தின் சால்மூக்ரா எண்ணெயும் தொழுநோய்க்கு உலகத்திடம் இருந்த ஒரே மருந்தாக இருந்தன. குடித்தால் குமட்டும், ஊசி போட்டால் தோலடியில் கட்டிக்கொண்டு வலி உயிர்போகும். 1915இல் ஹவாயில் ஆலிஸ் பால் என்ற 23 வயதுக் கறுப்பினப் பெண், எண்ணெயின் கொழுப்பு அமிலங்களை எத்தில் எஸ்டராக்கி உடலில் எளிதாகக் கலக்கும்படி செய்தார். மறு ஆண்டே இறந்துபோனார். அவருடைய கல்லூரித் தலைவர் அந்த வேலையைத் தன் பெயரில் வெளியிட்டுக்கொண்டார். 1922இல்தான் இன்னொரு மருத்துவர் அதைப் பால் முறை என்று எழுதி உண்மையைப் பதிந்தார்.

செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லத்திலும் இந்த எண்ணெய் ஊசிதான் போட்டார்கள். 1946 வாக்கில் அதே இடத்தில் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் டாப்சோன் என்ற புதிய மருந்தை நோயாளிகளுக்குச் செலுத்திப் பார்த்தார். 1908இல் ஜெர்மனியில் சாய வேதியியலோடு சேர்ந்து பிறந்து, எதற்கென்று தெரியாமல் கிடந்த சேர்மம் அது. அடுத்த சில ஆண்டுகளில் மலிவான மாத்திரையாகி எண்ணெயை ஓரங்கட்டிவிட்டது.

நீரடிமுத்து எண்ணெய் உண்மையிலேயே கிருமியைக் கொன்றதா என்பதைத் தட்டில் வைத்துப் பார்க்க வழியே இல்லை. தொழுநோய்க் கிருமி இன்றுவரை எந்த அகார் தட்டிலும் வளர்ந்ததில்லை. எலியின் பாதத்தில் அதை வளர்க்கும் முறையை 1960இல் ஷெப்பர்ட் கண்டுபிடித்தார். 1975இல் லூயிஸ் லெவி அந்த எலிகளுக்குச் சால்மூக்ரா அமிலங்களைக் கொடுத்துப் பார்த்தபோது, கிருமியின் பெருக்கம் மெய்யாகவே தடைப்பட்டது. வட்டம் எதுவும் விழாமலே கிடைத்த சான்று. அது அச்சில் வந்தபோது திருமணியில் எண்ணெய் ஊசியின் காலம் முடிந்து ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆகியிருந்தது.